வேனுக்குள் ஒரு தை இரவு
(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர்)

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் பாட்டிமார் வாக்கு. இதில் தரை என்ற சொல் மோனைக்காக மட்டும் வந்து விழுந்ததன்று என்பதை ஆலங்காயத்தில் ஓர் இரவு, தகரத் தரையின்மேல் படுத்துத் தெரிந்துகொண்டேன்.

வட ஆர்க்காட்டுச் சீமை வெயிலுக்குப் பேர் போனது. வேலூர் வெயிலைப் பற்றிப் பேசாத வெளியூர்க்காரர் இல்லை. ஆனால் அதே சீமையின் தென்மேற்கு மூலையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், தை மாத விடியற்காலையில் என்ன நடக்கிறது என்று யாரும் பேசுவதில்லை. வெப்பமானி 15 டிகிரி காட்டினால் காஷ்மீரத்தார் சட்டைப் பொத்தானைக்கூடப் போடமாட்டார். நமக்கோ ஒரு பருத்திப் போர்வையும் ஒரு துண்டும்தான் ஆயுள் முழுவதற்குமான குளிர்கால ஏற்பாடு. குளிர் என்பது டிகிரியில் மட்டும் இல்லை. அதை எதிர்கொள்ள நம்மிடம் என்ன இருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

2025 பிப்ரவரி முதல் நாள், சனிக்கிழமை, எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேரும் துறைப் பேராசிரியர் ஒருவரும் காவலூருக்குப் புறப்பட்டோம். ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையில் இருக்கிறது காவலூர். அங்குள்ள வானாய்வகத்தை நம் மாணவர்களில் பலர் பெயரளவில் அறிவார்கள். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கிய இடம் அது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்துகொண்ட அந்தக் கண்டுபிடிப்பில் நம் காவலூருக்கும் பங்கு உண்டு. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்த வைணு பாப்பு 1982-இல் காலமானார். 1986-இல் திறந்துவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. சனிக்கிழமைகளில் பொதுமக்களையும் உள்ளே விடுகிறார்கள். வேலூருக்கும் திருப்பத்தூருக்கும் சினிமா பார்க்கப் போகும் நம்மவர், வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த மலையேறலாம்.

நாங்கள் போன மாலை வானம் துடைத்துவைத்த பித்தளைத் தட்டுப்போல் இருந்தது. மேற்கே மூன்று நாள் பிறையும் அதன் பக்கத்திலேயே வெள்ளியும், தலைக்குமேல் வியாழன், கிழக்கே சிவந்த செவ்வாய். அவற்றைப் பற்றி எழுத இன்னொரு கட்டுரை வேண்டும். இக்கட்டுரைக்கு வேண்டியது வேறொன்று.

குவிமாடத்துக்குள் நின்றபோது எங்களில் ஒருவன் பல் கிட்டியபடி, "இவ்வளவு பெரிய இடத்தில் ஒரு ஹீட்டர் வைக்கக்கூடாதா சார்?" என்று கேட்டான். பேராசிரியர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நண்பகலில் தார் ரோட்டுக்குமேல் காற்று நெளிவதைப் பார்த்திருக்கிறாயா? உள்ளே சூடு செய்தால், மாடத்தின் திறப்பு வழியே போகும் காற்றும் அப்படித்தான் நெளியும். விண்மீன் கலங்கிப்போகும். தொலைநோக்கி இருக்கும் இடம் வெளிக்காற்றின் குளிரிலேயே இருக்க வேண்டும்." இப்போது ஆய்வாளர்கள் பக்கத்து அறையில் கணினிமுன் அமர்ந்து வேலை செய்கிறார்கள். முன்னாளில் உலகெங்கும் வானியலாளர்கள் இரவு முழுவதும் தொலைநோக்கியருகே விறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அறையைச் சூடாக்க அவர்களுக்கு அனுமதியில்லை. தங்களை மட்டும் மூடிக்கொள்ளலாம். அந்தப் பேச்சு அன்றிரவே எங்களுக்குத் தேவைப்படும் என்று அப்போது யாரும் எண்ணவில்லை.

விடியற்காலை நான்கு மணிக்குத் தென்சிலுவையைப் பார்த்துவிட்டே ஊர் திரும்புவது என்பது எங்கள் திட்டம். மலைமேல் காப்புக்காட்டில் நினைத்த இடத்தில் இரவு தங்க முடியாது. அதற்கு வனத்துறை இசைவு வேண்டும். ஆகவே கீழே இறங்கி, ஆலங்காயத்துக்கு வெளியே, நண்பன் ஒருவனுக்கு உறவுக்காரரான ஒரு பெரியவரின் நெற்களத்துக்கு வந்து சேர்ந்தோம். வீடு சிறியது, அதில் எட்டு பேருக்கு இடம் கேட்பது அழகன்று. வேனிலேயே படுத்துக்கொள்கிறோம் என்றோம். முதல் நாள் கல்யாண வீட்டுச் சாமான் ஏற்றுவதற்காகப் பின் இருக்கைகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். நால்வர் அங்கே தரையில், மற்றவர் முன் இருக்கைகளில் என்று ஏற்பாடு.

எங்கள் டிரைவர் அண்ணனைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை. ஐம்பது வயதைத் தாண்டியவர். வேன் ஓட்ட வருவதற்கு முன் நாமக்கல் லாரிகளில் பல ஆண்டு வடக்கே போய் வந்தவர். பகலெல்லாம் ஒரு வார்த்தை பேசாதவர், இரவில் வண்டியை நிறுத்தும் இடத்தைப் பற்றி மட்டும் எங்களோடு வாதாடினார். நாங்கள் களத்தின் நட்டநடுவில், வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் நிறுத்தச் சொன்னோம். அவர் ஓரத்திலிருந்த புளியமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"புளியமரத்தடியிலா? பேய் பிடிக்குமே அண்ணே" என்றான் ஒருவன்.

"பேய் பிடிச்சா வேப்பிலை அடிச்சுக்கலாம் தம்பி. வெட்டவெளியில நின்னா தகரம் ஐஸ் ஆயிரும்" என்றார்.

இது வெறும் அனுபவப் பேச்சன்று, முழுக்க இயற்பியல் என்று பேராசிரியர் எடுத்துக்காட்டியபோது வகுப்பில் தூங்கியவனும் நிமிர்ந்து உட்கார்ந்தான். மேகமற்ற இரவில் மேலே பார்த்திருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்தைக் கதிர்களாக வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வானம் திருப்பித் தருவது மிகவும் குறைவு. வேனின் கூரையோ மெல்லிய தகடு. சுற்றியுள்ள காற்றைவிடவும் அது குளிர்ந்துபோகும். மரத்தடியில் நிறுத்தினால் கூரை பார்ப்பது வானத்தையன்று, இலைகளை. இலைகள் காற்றின் சூட்டையே ஏறக்குறைய உடையவை. கூரை இழப்பதில் பெரும்பகுதியை அவை திருப்பித் தந்துவிடுகின்றன. காலையில் புல்வெளியெங்கும் பனித்துளி இருக்க, மரத்தடிப் புல் மட்டும் காய்ந்திருப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். காரணத்தை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலைமேல்தான் குளிர், அடிவாரத்தில் கதகதப்பு என்று எண்ணுவது எப்போதும் சரியாகாது. காற்று ஓய்ந்த இரவில், மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனத்துத் தண்ணீரைப்போல் கீழே வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆலங்காயத்தைச் சுற்றியுள்ள நிலம் மலைகளுக்கு இடையே கிண்ணம்போல் அமைந்தது. அந்தக் கிண்ணத்தின் அடியில் நாங்கள் படுக்கப்போனோம்.

பெரியவர் வந்து எட்டிப்பார்த்தார். தரையில் ஒரு ஜமுக்காளம், எங்கள் மேலே ஆளுக்கு ஒரு போர்வை.

"இன்னா நைனா, எல்லாத்தையும் மேல போட்டுக்கினு கீழ ஒண்ணுமில்லாம படுக்கறீங்க?" என்று சொல்லிவிட்டுப் போனவர், இரண்டு கட்டு வைக்கோலும் ஐந்தாறு சாக்குகளும் கொண்டுவந்து போட்டார்.

குளிர் மேலிருந்து வருகிறது என்றே நாம் நினைக்கிறோம். படுத்திருக்கும் உடலுக்குக் கீழேதான் பெரிய கசிவு. இரும்பு, வெப்பத்தை விரைந்து கடத்தும் பொருள். முதுகுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு ஜமுக்காளம் இருந்தால், அதுவும் உடல் எடையில் நசுங்கி, அதிலிருந்த காற்றெல்லாம் வெளியேறிக் காகிதம்போல் ஆகிவிடும். வைக்கோலின் சிறப்பு, ஒவ்வொரு தாளும் உள்ளே கூடாக இருப்பது. எவ்வளவு அழுத்தினாலும் கொஞ்சம் காற்று மிஞ்சும். அசையாத காற்றைப்போல் வெப்பத்தைக் காப்பது வேறில்லை. கம்பளியும் பஞ்சும் செய்வது இதையே: அவை நமக்குச் சூடு தருவதில்லை, காற்றை அசையாமல் பிடித்து வைக்கின்றன. சாக்கின்மேல் வைக்கோல், அதன்மேல் ஜமுக்காளம், அதன்மேல் நாங்கள். டிரைவர் அண்ணன் பழைய செய்தித்தாள்களைக் கண்ணாடிகளின் உட்புறம் ஒட்டினார். முன் கண்ணாடிக்குச் சாக்கு. ஒரு தாளையும் வீணாக்கவில்லை. மிச்சத்தைச் சட்டைக்கும் பனியனுக்கும் நடுவில் செருகிக்கொள்ளச் சொன்னார். தலைப்புச் செய்தியை மார்பில் சுமந்துகொண்டு தூங்கிய முதல் அனுபவம் அது.

இதற்குள் ஆயா, அந்தப் பெரியவரின் மனைவியார், சுடச்சுடக் கேழ்வரகுக் களியும் அவரைக்காய்க் குழம்பும் அனுப்பியிருந்தார். வயிறு நிறைந்தவன் குளிரில் பாதியை வென்றான். வயிற்றில் உணவு இருந்தால்தான் உடல் தன் அடுப்பை எரிக்கும். உறங்கும் மனிதன் ஏறக்குறைய 70 வாட் வெப்பம் விடுகிறான் என்பது கணக்கு. எட்டு பேர் என்றால் 500 வாட்டுக்கு மேல். அந்தக் காலத்துக் குண்டு பல்புகளை வரிசையாக எரியவிட்டதுபோல! (வேறு வகைச் சூட்டை நாடி, ஊருக்குள் ஒரு கடைக்குப் போய்வரலாமா என்று ஒருவர் கண்ணால் கேட்டார். பேராசிரியர் காதில் விழாதவர்போல், மது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச்செய்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றுகிறது, சூடேறியதாகத் தோன்றுவது அதனால்தான் என்று பொதுவாக ஒரு விளக்கம் தந்தார். கேட்டவர் போர்வையை இழுத்துக்கொண்டார்.)

இனி நான் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆம்பூர் நண்பன் சோளக்கதிர் சுடுவதற்காக வீட்டிலிருந்து ஒரு குமுட்டி அடுப்பும் ஒரு பை அடுப்புக்கரியும் கொண்டுவந்திருந்தான். பத்து மணிவரை களத்தில் அதைச் சுற்றிக் குந்தி, கதிர் தின்று, கதை பேசினோம். படுக்கப் போகும்போது கரி நன்றாகக் கனிந்து, புகையே இல்லாமல் செம்பருத்திப் பூவாய்ச் சிவந்திருந்தது. அதை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை. நண்பன் இரண்டு துணியைப் பிடித்து அதைத் தூக்கிவந்து, வேனின் படிக்கட்டில் ஏற்றினான். "புகையே இல்லை. ஓரமாக வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் விடியும்வரை வெதுவெதுப்பாக இருக்கும்" என்றான்.

டிரைவர் அண்ணன் முன் இருக்கையிலிருந்து இறங்கிச் சுற்றிவந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து அதற்கு முன் நான் பார்க்கவில்லை. அடுப்பை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய்க் களத்தின் நடுவில் வைத்தார். திரும்பிவந்து, "தம் போடறது பிரியாணிக்குத்தான் தம்பி" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

சற்று நேரம் கழித்துத் தானாகவே சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம், குவாலியர் பக்கத்தில் ஒரு தாபா ஓரம். மூடுபனி; வண்டிகள் ஓட வழியில்லை. வரிசையாக லாரிகள் நின்றன. அவரோடு வந்த கிளீனர் பையனுக்குப் பத்தொன்பது வயது. முதல் வடக்குப் பயணம். இவர் தாபாவில் கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டார். பையன், சரக்குக்குக் காவலாக இருக்கிறேன் என்று கேபினில் படுத்தான். தாபாக்காரரிடம் ஒரு தகர டப்பாவில் கனிந்த கரி வாங்கி, கேபினுக்குள் வைத்துக்கொண்டு, கண்ணாடிகளை இறுக ஏற்றியிருக்கிறான்.

"காலையில டீ எடுத்துக்கினு போனேன். தட்டினேன், தட்டினேன், எந்திரிக்கல. மூஞ்சில ஒரு வேதனையும் இல்ல. தூங்கற மாதிரியேதான் இருந்தான். அவங்க அம்மாவுக்கு நான்தான் போய்ச் சொன்னேன்."

யாரும் பேசவில்லை. களத்தின் நடுவில் அந்தக் கரி மட்டும் அழகாக ஒளிவிட்டுக்கொண்டிருந்தது.

இதில் நடக்கும் வேதியியலை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம், தேர்விலும் எழுதியிருக்கிறோம். கரி போதிய பிராணவாயு கிடைத்து எரிந்தால் கரியமில வாயு. போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையோ தொண்டையையோ கரிக்காது. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த நஞ்சைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, சோர்வு, மயக்கம். பகல் முழுவதும் வண்டியோட்டியவனுக்கு இவை எல்லாம் தூக்கத்தின் அறிகுறிகளாகவே படும். விழித்திருப்பவனாவது எழுந்து வெளியே போவான். தூங்குபவனுக்கு எச்சரிக்கையே இல்லை. புகையும் விறகு கண்ணைக் கசக்கி நம்மை வெளியே துரத்திவிடும். புகையில்லாத கனிந்த கரிதான் நண்பன்போல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு மூடிய வண்டிக்குள் தூங்குவதிலும் இதே ஆபத்து உண்டு. சைலன்சரில் ஒரு சிறு ஓட்டை போதும். வடநாட்டில் குளிர்காலந்தோறும் மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்களைப் பற்றிய செய்தி வந்துகொண்டே இருக்கிறது. நம் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் வேன் பிடித்துப் போகும் மாணவர் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது. கூடவே கறி சுடும் அடுப்பும் போகிறது. அதனாலேயே இதை நம் கல்லூரி மலரில் எழுத விரும்பினேன்.

"ஆனா ஐயா, மலைமேலே குடிசைக்குள்ள நெருப்பு போட்டுக்கினு தூங்கறாங்களே?" என்று நண்பன் பெரியவரைக் கேட்டான். ஜவ்வாது மலையில் சாமை விளைவித்து வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரியவருக்கு அவர்களோடு நெடுநாள் பழக்கம்.

"அது புல்லு வேஞ்ச கூரை கண்ணு. கூரை மூச்சு விடும். தகரம் விடுமா?" என்றார் அவர்.

ஒரு வரியில் இதைவிட நன்றாகச் சொல்ல எங்கள் பாடநூலாலும் முடியாது. ஆயினும், கூரை மூச்சு விட்டாலும் மூடிய குடிசையில் கரியோடு தூங்குவதற்கு நான் யாருக்கும் பரிந்துரை செய்யமாட்டேன்.

அந்தக் கரி வீணாகவில்லை. ஆயா ஒரு பெரிய குண்டானில் தண்ணீரை ஊற்றி, களத்திலேயே அந்தக் குமுட்டியின்மேல் வைத்தார். கொதி வருமுன் இறக்கி, எங்கள் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றி, ஆளுக்கொன்றாகக் காலடியில் வைத்துக்கொண்டோம். நெருப்பு வெளியே, சூடு உள்ளே. நான் படுத்தபடியே கணக்குப் போட்டேன்: ஒரு லிட்டர் நீர் 80 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குத் தணிந்தால் 45 கிலோ கலோரி வெளிவரும். ஒரு மனிதன் முக்கால் மணி நேரம் உறங்கும்போது விடும் வெப்பத்துக்குச் சமம். கேட்கச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அது மெல்ல மெல்ல, பாதத்தில், மிகவும் வேண்டிய இடத்தில் கிடைக்கிறது. பாதம் சூடானால்தான் தூக்கம் வருகிறது என்பதை அன்று அறிந்தேன்.

கடைசியாக டிரைவர் அண்ணன் இரு பக்கத்திலும் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கினார். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சூட்டை வெளியே விடுகிறாரே என்று முணுமுணுப்பு எழுந்தது. அதற்கும் காரணம் உண்டு. ஒருவர் இரவு முழுவதும் மூச்சிலும் தோலிலுமாக வெளியிடும் நீர் ஒரு டம்ளர் அளவு இருக்கும். எட்டு டம்ளர் நீர் ஆவியாகிக் குளிர்ந்த தகரத்தில் படிந்தால், மூன்று மணிக்கு வேனுக்குள் மழை பெய்யும். வைக்கோலும் போர்வையும் நனைந்தால் அவற்றுள் இருந்த காற்றும் போயிற்று. போர்வையை வாய்க்குமேல் இழுத்துக்கொண்டு தூங்குவதும் இதனாலேயே கூடாது. தலைக்கும் காதுக்கும் துண்டு கட்டி, மூக்கை மட்டும் வெளியே விட்டு, ஈரம் போக வழி விட்டுப் படுத்தோம். சோதனைக்கூடத்திலிருந்து கொண்டுவந்த வெப்பமானி விடியற்காலையில் உள்ளே 20, வெளியே 15 காட்டியது. கூரையின் உட்புறத்தில் கையை வைத்துப் பார்த்தேன். ஈரம் இருந்தது, சொட்டவில்லை.

நான்கு மணிக்கு முன்பே டிரைவர் அண்ணன் எழுப்பிவிட்டார். அவர் தூங்கினாரா என்று தெரியவில்லை; நான் இரவில் இரு முறை கண் விழித்தபோதும் முன் இருக்கையில் அவர் பீடி இல்லாத கையை ஜன்னல் இடுக்கில் வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். களத்தின் நடுவுக்குப் போனோம். தெற்கே, மலை விளிம்புக்குமேல், தென்சிலுவையின் நான்கு விண்மீன்களும் நிமிர்ந்து நின்றன. அதன் இடப்புறம் வழிகாட்டிகள் இரண்டும். நம் முன்னோர் இதைத் திரிசங்கு என்றார்கள் என்று பேராசிரியர் சொல்லத் தொடங்கினார். வட இந்தியாவில் இருப்பவருக்கு இது எளிதில் கிட்டாத காட்சி. நமக்கோ 12 பாகை அட்சரேகையில் வீட்டு வாசலிலிருந்தே கிடைக்கிறது.

ஆம்பூர் நண்பன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே தன் பாட்டிலைத் திறந்தான். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பாதியில் முகம் கழுவிக்கொண்டு, மீதியை டிரைவர் அண்ணன் கைகளில் ஊற்றினான்.